வேகாஸில் வீடியோ போக்கர்: மணிக்கு எத்தனை ஆட்டம்?

டாலஸ்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். வரும் நீண்ட வார இறுதிக்கு நண்பர்களோடு லாஸ் வேகாஸ் போகிறேன். ஸ்லாட் பக்கம் போகும் எண்ணமில்லை. வீடியோ போக்கர்தான் (மெஷின் ஐந்து சீட்டு தரும், வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை ஒருமுறை மாற்றலாம்), அதிலும் ஜாக்கி ஜோடியிலிருந்து பரிசு தொடங்கும் ஜாக்ஸ் ஆர் பெட்டர் மட்டும். 25 சென்ட் மெஷினில் 5 காயின், ஆக ஆட்டத்துக்கு 1.25 டாலர். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பது முக்கால்வாசி தெரியும்.

என் சந்தேகம் வேகத்தைப் பற்றி. நான் ஐந்து சீட்டையும் பார்த்து, யோசித்து, வேண்டியதைப் பிடிக்க ஹோல்ட் அழுத்தி, இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுத்தான் மீதியை மாற்ற டிரா அழுத்துவேன். பக்கத்து ஆள் அதற்குள் நாலு ஆட்டம் முடித்திருப்பார். கூட வரும் நண்பன், "மெதுவாக ஆடினால் மெஷின் செத்துவிடும், விடாமல் அடித்தால்தான் ராயல் விழும்" என்கிறான் (ஒரே இனத்தில் 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வரும் பெரிய பரிசுக் கைதான் ராயல்). இதில் ஏதாவது உண்மை உண்டா? மணிக்கு எத்தனை ஆட்டம் ஆடுவது நியாயம்?

---

கணக்குப்பிள்ளை

உங்கள் நண்பனிடம் பர்ஸை மட்டும் கொடுத்துவிடாதீர்கள் :)

மெஷினுக்குள் இருக்கும் ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர் நீங்கள் தொடாதபோதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எந்த நொடியில் புதுச் சீட்டு கேட்டு டீல் அழுத்துகிறீர்களோ அந்த நொடியின் எண்ணிலிருந்து சீட்டு வருகிறது. மூச்சுவிடாமல் அழுத்தினாலும், காபி குடித்துவிட்டு வந்து அழுத்தினாலும் வாய்ப்பு ஒன்றேதான். வேகாஸ் இருக்கும் நெவாடாவில் இதற்கு விதியே இருக்கிறது. கேமிங் கமிஷனின் 14ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, நிஜச் சீட்டாட்டத்தைக் காட்டும் மெஷினில் ஒவ்வொரு சீட்டும் வரும் வாய்ப்பு, நிஜக் கட்டில் இருக்கும் வாய்ப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். மெஷின் சூடாவதும் குளிர்வதும் நம் கற்பனை.

வேகம் மாற்றுவது ஒன்றைத்தான்: மணிக்கு எவ்வளவு பணம் மெஷின் வழியாகப் போய்வருகிறது என்பதை. அந்தத் தொகையோடு கேசினோவின் பங்கைப் பெருக்கினால் உங்கள் மணிச் செலவு வந்துவிடும்.

கேசினோவின் பங்கு, எந்தக் கைக்கு எத்தனை மடங்கு பரிசு என்று மெஷினில் காட்டும் பே டேபிளிலிருந்து தெரியும். ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) 9, ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) 6 என்றால் அது 9/6 மெஷின். பிசகில்லாமல் ஆடினால் நீண்ட காலத்தில் 99.54 சதவீதம் திரும்பி வரும். 8/5 என்றால் 97.30. 6/5 என்றால் 95.

பழகியவர்கள் சாதாரணமாக மணிக்கு 600 ஆட்டம் ஆடுவார்கள். உங்கள் 1.25 டாலர் கணக்கில் அது 750 டாலர். 9/6 மெஷினில் அதற்கான செலவு 3.40 டாலர் போல. 8/5இல் 20 டாலர். 6/5இல் 37.50. இப்போது வேகத்தை மாற்றிப் பாருங்கள். 8/5 மெஷினில் மணிக்கு 400 ஆடுபவருக்கு 13.50 டாலர் போகும், 1,000 ஆடுபவருக்கு 34 டாலர் போகும். உட்கார்ந்திருந்த நேரம் இருவருக்கும் ஒன்றுதான்.

---

டாலஸ்_தம்பி

நன்றி சார். அப்படியென்றால் மெதுவாக ஆடுவதுதான் லாபம். பிறகு ஏன் இவ்வளவு பேர் பறக்கிறார்கள்?

---

ஸ்பேடு_ராணி

பறக்கிறவர்களில் நானும் ஒருத்தி, நான் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை சார் சொன்னது தோற்கும் மெஷினுக்குச் சரி. ஜெயிக்கும் மெஷினில் அதே கணக்கு தலைகீழாகும். இரண்டு என்ற சீட்டு எந்தச் சீட்டாகவும் செல்லும் டியூசஸ் வைல்ட் என்ற ஆட்டம் உண்டு, அதில் மிக நல்ல பே டேபிள் உள்ள ஃபுல் பே வகை 100.76 சதவீதம் தரும். 25 சென்ட்டில் மணிக்கு 600 ஆடினால் 5.70 டாலர் உங்கள் பக்கம், 1,000 ஆடினால் 9.50. அங்கே மெதுவாக ஆடுகிறவர்தான் நஷ்டப்படுகிறார். யாராவது அடிக்கும்வரை ராயல் பரிசு ஏறிக்கொண்டே போகும் புரொகிரசிவும் அப்படித்தான். 9/6 ஜாக்ஸில் ராயலுக்கு வழக்கமான 1,000 டாலருக்குப் பதிலாக மீட்டர் சுமார் 1,220ஐத் தாண்டிவிட்டால் ஆட்டம் சமநிலைக்கு வந்துவிடும். அதற்கு மேல் ஏறஏற, வேறு யாராவது ராயல் அடிப்பதற்குள் எவ்வளவு ஆட முடியுமோ அவ்வளவு ஆடத்தான் வேண்டும்.

இன்னொன்று, ஆஃபர். கேசினோ உங்களுக்கு அனுப்பும் இலவச ரூமும் ஃப்ரீ பிளேயும் (மெஷினில் ஆடத் தரும் இலவசப் பணம்) ஒரு நாளில் நீங்கள் சராசரியாக எவ்வளவு இழப்பீர்கள் என்ற அவர்கள் கணக்கை வைத்து வருகிறது. எட்டு மணி நேரம் ஆமை வேகத்தில் ஆடுகிறவரும், நாலு மணி நேரத்தில் அதே அளவு ஆடிவிட்டு ஷோ பார்க்கப் போகிறவரும் அவர்கள் கணக்கில் ஒன்று. நான் இரண்டாம் ஆள்.

---

கணக்குப்பிள்ளை

அக்கா, டியூசஸ் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபுல் பே டியூசஸ் இப்போது தேடினாலும் அகப்படுவது அபூர்வம். பெரிய கேசினோக்கள் வரிசையாக இருக்கும் ஸ்ட்ரிப் சாலையில் போய் நிற்கும் தம்பிக்கு அது கண்ணில் படாது.

பாயின்ட்டுக்காக வேகமாக ஆடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சீசர்ஸ் கேசினோக்களின் உறுப்பினர் திட்டமான சீசர்ஸ் ரிவார்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டில் 5 டாலருக்கு ஒரு கிரெடிட், வீடியோ போக்கரில் 10 டாலருக்குத்தான் ஒரு கிரெடிட். 100 கிரெடிட் சேர்ந்தால் 1 டாலர். அதாவது 0.1 சதவீதம். தம்பி மணிக்கு 600 ஆட்டம் ஆடினால் 75 சென்ட் சேரும். உயிரைக் கொடுத்து 1,000 ஆடினால் 1.25 டாலர். இந்த 50 சென்ட் அதிகம் வாங்க, 8/5 மெஷினில் அவர் 13 டாலருக்கு மேல் கூடுதலாக விட வேண்டும்.

---

ஸ்பேடு_ராணி

பாயின்ட்டைச் சொல்லவே இல்லையே, தபாலில் வரும் ஆஃபரைத்தான் சொன்னேன். வார நாளில் இரண்டு இரவு ரூம் இலவசமாக வந்தால் அதன் மதிப்பை உங்கள் 0.1 சதவீதத்தில் அடைக்க முடியாது. ஆனாலும், வருடத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு இது பொருந்தாது என்பது சரிதான்.

---

ஒன்பதுக்கு_ஆறு

இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். 99.54 என்பது பிசகில்லாமல் ஆடும் ஆளுக்கு. வேகம் கூடினால் முதலில் கெடுவது அதுதான்.

ஒரு கை பார்ப்போம். ஆட்டின் (ஹார்ட்ஸ்) 2, ஆட்டின் 4, ஆட்டின் 6, ஆட்டின் 9, கிளாவர் 6. அவசரத்தில் கண் உடனே இரண்டு ஆறையும்தான் பார்க்கும். ஜோடி கிடைத்தது என்று கை தானாக அதைப் பிடிக்கும். ஆனால் 9/6 ஆட்டத்தில் அந்தச் சின்ன ஜோடியின் சராசரி மதிப்பு பந்தயத்தில் 0.82 மடங்கு. நாலு ஆட்டினைப் பிடித்து ஐந்தாவதுக்குக் காத்திருந்தால் 1.15 மடங்கு. மீதி 47 சீட்டில் 9 ஆட்டின் இருக்கிறது, விழுந்தால் 6 மடங்கு. வித்தியாசம் 0.33 மடங்கு, உங்கள் 1.25 டாலர் ஆட்டத்தில் 40 சென்ட். 9/6 மெஷினில் ஒரு ஆட்டத்துக்குக் கேசினோ எடுப்பது அரை சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அந்த ஒரு பிசகு எழுபது ஆட்டத்தின் செலவைத் தின்றுவிட்டது.

இப்போது அந்த ஆறுகளுக்குப் பதில் ஜாக்கி ஜோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நாலு ஆட்டின். இந்த முறை ஜோடியைத்தான் பிடிக்க வேண்டும், அதன் மதிப்பு 1.54. பார்வைக்கு இரண்டு கையும் ஒரே மாதிரி இருக்கும், முடிவு நேர் எதிர். மணிக்கு 1,000 ஆடுகிறவர் ஒரு கைக்குச் செலவிடுவது மூன்றரை நொடிதான், அதிலும் பாதி சீட்டு விழுவதற்கே போய்விடும்.

வேகத்துக்கு என் அளவுகோல் இதுதான்: இந்த மாதிரி கைகளைப் பார்த்ததும் யோசிக்காமல் சரியானது கையில் வருகிறதா? வந்தால் வேகமாக ஆடுங்கள். "இது எதற்கு மேல் வரும்?" என்று மனசு தடுமாறினால், அந்தக் கையில் நின்றுவிடுங்கள். எல்லாக் கையையும் ஒரே வேகத்தில் ஆட வேண்டும் என்று எவனும் சொல்லவில்லை. ஐந்து சீட்டில் ஒன்றும் தேறாத கையை அரை நொடியில் தூக்கிப் போடலாம். ஒரே இனத்தில் ராஜா, ராணி, ஜாக்கி விழுந்து, கூடவே ஒரு சின்ன ஜோடியும் இருந்தால் இரண்டு நொடி எடுத்துக்கொள்ளுங்கள். (அங்கே ராயலுக்கான மூன்றையும் பிடிக்க வேண்டும், ஜோடியை அல்ல.)

---

டாலஸ்_தம்பி

சத்தியமாக அந்த ஆட்டின் கையில் நான் ஆறைத்தான் பிடித்திருப்பேன். எந்தக் கையில் எதைப் பிடிப்பது என்று எழுதிய ஸ்ட்ராட்டஜி அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடலாமா? விரட்டிவிட மாட்டார்களா?

---

ஹெண்டர்சன்_வாசி

தாராளமாக வைத்துக்கொள்ளலாம் தம்பி. கேசினோ கிஃப்ட் ஷாப்பிலேயே அட்டை விற்பார்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இங்கேயே குடியிருக்கிறவன் என்ற முறையில் சில நடைமுறை விஷயங்கள்.

கேம் கிங் என்ற வகை வீடியோ போக்கர் மெஷின்கள் பலவற்றில் திரையின் கீழ்ப்பகுதியில் ஸ்பீட் என்று ஒரு பட்டன் இருக்கும். சீட்டு விழும் வேகத்தை நீங்களே கூட்டலாம், குறைக்கலாம். முன்னால் உட்கார்ந்தவர் உச்சத்தில் விட்டுப் போயிருப்பார், நாம் கவனிக்காமல் அந்த ஓட்டத்திலேயே போய்விடுவோம். உட்கார்ந்ததும் அதைச் சரிபாருங்கள்.

அப்புறம் ஹோல்ட் பட்டன்கள். பழைய மெஷின்களில் சில பட்டன் அமுங்கியும் வேலை செய்யாது. நீங்கள் அழுத்தினீர்கள் என்பது கணக்கில்லை, சீட்டின் மேல் "ஹெல்ட்" என்ற எழுத்து வந்ததா என்பதுதான் கணக்கு. மூன்று ராஜாவைப் பிடித்ததாக நினைத்து இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு டிரா அடித்தவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதை இந்த ஊரில் தினமும் பார்க்கலாம். டீலுக்கும் டிராவுக்கும் ஒரே பட்டன் என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே மூச்சில் இரண்டு முறை தட்டிவிட்டால், கையில் வந்த ஃபுல் ஹவுஸும் ஹோல்ட் ஆகாமல் போய்விடும். மெஷின் கேள்வி கேட்காது.

பாரில் ஆடுவதாக இருந்தால் வேகத்துக்கு வேறு கணக்கு. பல பார்களில் இப்போது மெஷினின் பின்பக்கம், பார்டெண்டர் பார்க்கும்படி ஒரு விளக்கு இருக்கும். நீங்கள் போதுமான அளவு ஆடியிருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. முன்பெல்லாம் இருபது டாலரைச் செருகிவிட்டு, அரை மணிக்கு ஒரு ஆட்டம் ஆடி நாலு பீர் குடித்த மகான்கள் இருந்தார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. ஆனாலும் பச்சை விளக்குக்குத் தேவையான அளவு ஆடினால் போதும், அதற்கு மேல் ஓட வேண்டியதில்லை. பாரில் இருக்கும் பே டேபிள் பெரும்பாலும் மோசமாக இருக்கும், எனவே பீர் இலவசம் என்று நினைக்க வேண்டாம்.

---

சென்னை_விருந்தாளி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் விசிட்டர் விசாவில் மகள் வீட்டுக்கு வருகிறவன். வேகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்களைப் போன்றவர்களுக்கு மெஷின் திடீரென்று நின்றுபோகும் விஷயத்தையும் சொல்லுங்கள். ஒரு பெரிய கை விழுந்தால் பூட்டிக்கொள்ளுமாமே?

---

ஹெண்டர்சன்_வாசி

ஆமாம் ஐயா, அதற்கு ஹேண்ட் பே என்று பெயர். ஒரே ஆட்டத்தில் விழும் பரிசு ஒரு வரம்பைத் தொட்டால் மெஷின் பூட்டிக்கொள்ளும், அட்டெண்டன்ட் வந்து வரிப் படிவம் எழுதிப் பணத்தைக் கையில் கொடுப்பார். நெடுங்காலமாக அந்த வரம்பு 1,200 டாலர். 2026 முதல் 2,000. 25 சென்ட் மெஷினில் ராயல் விழுந்தாலும் 1,000 டாலர்தான், அதனால் இந்த வரம்புக்காக அங்கே பூட்டாது. 1 டாலர் மெஷினில் ராயல் 4,000 டாலர், அங்கே கட்டாயம் பூட்டும்.

உங்களுக்கு முக்கியமானது இது: அமெரிக்க வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருப்பவருக்கு அந்தப் பரிசில் 30 சதவீதம் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். சில நாடுகளுக்கு ஒப்பந்தப்படி விலக்கு உண்டு, இந்தியாவுக்குக் கிடையாது. 4,000 டாலர் ராயலில் 1,200 கழித்துக்கொண்டுதான் கைக்கு வரும். உங்கள் கணக்கில் ராயலின் மதிப்பே மாறிவிடுகிறது என்பதால், 25 சென்ட் மெஷினோடு நிற்பது நல்லது.

---

கணக்குப்பிள்ளை

ராயல் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

9/6 ஆட்டத்தில் ராயல் சராசரியாக 40,390 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். அந்த 99.54 சதவீதத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் ராயலில் இருந்து வருகிறது. ராயல் விழாத நாளில் உங்களுக்கு உண்மையில் திரும்புவது 97.5 சதவீதம் போலத்தான். மணிக்கு 600 ஆட்டத்துக்கு 3.40 டாலர் என்று நான் சொன்னேன் அல்லவா, ராயல் இல்லாத மணி நேரத்தில் அது 18 டாலர். வார இறுதிக்கு வருகிறவர் அதைத்தான் பார்ப்பார்.

மணிக்கு 600 என்றால் 40,390 ஆட்டம் ஆட 67 மணி நேரம். 1,000 என்றால் 40 மணி நேரம். அத்தனையும் ஆடி முடித்தாலும் ஒரு ராயல்கூட வராமல் போகும் வாய்ப்பு 37 சதவீதம். தம்பியின் நண்பன் சொன்ன "விடாமல் அடித்தால் விழும்" என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்றால் அது இவ்வளவுதான்: அதிக ஆட்டம் ஆடினால் ராயல் விழ அதிக சந்தர்ப்பம். ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் விலை கொடுத்துத்தான் வாங்குகிறீர்கள், மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடையாது.

---

டாலஸ்_தம்பி

புரிகிறது. இன்னொரு கேள்வி. டிரிபிள் பிளே, டென் பிளே என்று பார்த்தேன். ஒரே நேரத்தில் மூன்று, பத்து வரிசை. அதில் மெதுவாக ஆடினால் சரிதானே? யோசிக்கவும் நேரம் இருக்குமே.

---

ஒன்பதுக்கு_ஆறு

யோசிக்க நேரம் இருக்கும், செலவும் இருக்கும். 25 சென்ட் டிரிபிள் பிளேயில் ஒரு டீலுக்கு 3.75 டாலர். நீங்கள் மணிக்கு 300 டீல்தான் அடிக்கிறீர்கள் என்றாலும் 900 ஆட்டத்துக்குச் சமம். டென் பிளேயில் 12.50 டாலர், 300 டீலுக்கு 3,000 ஆட்டம். இதில் ஒரு கையில் தப்பாகப் பிடித்தால் பத்து வரிசையிலும் அதே தப்பு. மேலே சொன்ன 40 சென்ட் பிசகு டென் பிளேயில் 4 டாலர்.

5 சென்ட் டென் பிளே என்றால் வேறு. டீலுக்கு 2.50 டாலர்தான். பே டேபிள் நன்றாக இருந்தால் நிதானமாக ஆட ஏற்ற மெஷின். ஆனால் 5 சென்ட்டில் பெரும்பாலும் நல்ல பே டேபிள் வைக்க மாட்டார்கள்.

---

ஸ்பேடு_ராணி

இதில் ஒன்பதுக்கு_ஆறு சொல்வதை முழுதாக ஏற்கிறேன். வேகமாக ஆடுகிற நானே பயணத்துக்கு முன்னால் வீட்டில் பயிற்சி மென்பொருளில்தான் கையைத் தேற்றுவேன். தப்பான சீட்டைப் பிடித்தால் உடனே எச்சரிக்கும், எவ்வளவு இழந்தீர்கள் என்று காட்டும். அதில் முதலில் மெதுவாக ஆடி, எச்சரிக்கை வருவது நின்றபிறகு வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். மறுபடி எச்சரிக்கை வரத் தொடங்கும் இடம் உங்கள் எல்லை. கேசினோவில் சத்தம், புகை, தூக்கமின்மை எல்லாம் சேரும், அதனால் அங்கே அந்த எல்லைக்கும் கொஞ்சம் கீழேயே ஆடுங்கள். இரண்டாவது பீருக்குப் பிறகு என்னை வேகமாக ஆடச் சொன்னாலும் நான் ஆட மாட்டேன்.

---

டாலஸ்_தம்பி

கடைசியாக ஒன்று. தங்கும் ஹோட்டலைப் பற்றி ஒருவர் சொன்னார்: அதே கேம் கிங் மெஷினில் 25 சென்ட்டைத் தொட்டால் 8/5, 1 டாலரைத் தொட்டால் 9/6 வருகிறதாம். அப்படியென்றால் 1 டாலரை மெதுவாக ஆடுவது மலிவா?

---

கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. சராசரிக் கணக்கில் மலிவுதான். 25 சென்ட் 8/5, மணிக்கு 600 ஆட்டம்: 20 டாலர் செலவு. 1 டாலர் 9/6, ஆட்டத்துக்கு 5 டாலர், மணிக்கு 300 ஆட்டம்: 1,500 டாலருக்கு 6.80 டாலர் செலவு.

ஆனால் சராசரியை நம்பி உட்காராதீர்கள். 25 சென்ட்டில் அந்த ஒரு மணி நேரத்தின் ஏற்ற இறக்கம் சராசரிக்கு மேலும் கீழும் 135 டாலர் போல. 1 டாலரில் 300 ஆட்டத்துக்கே 380 டாலர் போல. இது அபூர்வமாக விழும் ராயலையும் சேர்த்த அளவு, ராயல் இல்லாத மணி நேரத்தில் ஏற்ற இறக்கம் இதைவிடக் குறைவு, ஆனாலும் 1 டாலரில்தான் அதிகம். மூன்று நாளுக்கு எவ்வளவு கொண்டுபோகிறீர்கள்?

---

டாலஸ்_தம்பி

600 டாலர்.

---

ஹெண்டர்சன்_வாசி

அப்படியானால் 1 டாலர் மெஷின் வேண்டாம் தம்பி, முதல் நாள் ராத்திரியே முடிந்துவிடும். ஒரு டாக்சி பிடித்து, ஸ்ட்ரிப்பை விட்டு உள்ளூர்க்காரர்கள் போகும் கேசினோவுக்கு வாருங்கள். அங்கே 25 சென்ட்டில் 9/6 தேடினால் கிடைக்கும். உட்காருவதற்கு முன் ஃபுல் ஹவுஸ் வரிசையையும் ஃப்ளஷ் வரிசையையும் பாருங்கள், பக்கத்துப் பக்கத்து மெஷினிலேயே வேறு வேறாக இருக்கும். அட்டையைப் பார்த்துப் பார்த்து மணிக்கு 300, 400 ஆடினால் போதும். நண்பனையும் கூட்டி வாருங்கள், அவன் எவ்வளவு வேகமாக அடித்தாலும் அங்கே சேதாரம் குறைவு.